கண்டேன் என்பது

1

விருத்தாசலம் என்றால் பழைய மலை. தேவாரம் பாடியவர்கள் முதுகுன்றம் என்றார்கள். ஊரில் மலை என்று ஒன்று கிடையாது. ஜங்ஷனில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் சமவெளிதான். முந்திரித் தோப்பும் வயலும் மணிமுத்தாற்றின் மணலும். கேட்டால், மற்ற மலைகள் தோன்றுமுன் தோன்றியது இது, பூமிக்குள் அமிழ்ந்து கிடக்கிறது என்று ஸ்தல புராணம் பதில் சொல்லும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் பெயரை விலாசத்தில் எழுதிக்கொண்டு நாங்கள் இங்கே வாழ்கிறோம். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. புராணம் ‘இருக்கிறது, தெரியவில்லை’ என்கிறது. ‘அதோ தெரிகிறது பார்’ என்று அது சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

கண்டேன் என்ற சொல்லை ஒருவன் எப்போது சொல்லலாம்?

கம்பனில் அனுமன் திரும்பி வந்து ராமனிடம் பேசும்போது பெயரைப் பின்னால் தள்ளி வினையை முன்னால் வைத்தான் என்று பிரசங்கிகள் தலைமுறை தலைமுறையாகச் சிலாகித்து வருகிறார்கள். கேட்பவனின் தவிப்பை ஒரு கணம் குறைக்க அப்படிச் செய்தான் என்பது அவர்கள் கட்சி. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. கடல் தாண்டி நேரில் பார்த்துவிட்டு வந்தவன் மட்டுமே அந்த வினையை வாக்கியத்தின் தலையில் வைக்க முடியும். மற்றவர்கள் பெயரிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும். நம்மில் பெரும்பாலோர் பெயரிலிருந்து தொடங்குகிறவர்கள். படிக்காத நாவலின் பெயர், பாதி படித்த தத்துவவாதியின் பெயர், கேள்விப்பட்ட ஓவியத்தின் பெயர். பெயர் கைக்கு வந்துவிட்டால் ‘கண்டேன்’ தானாகப் பின்னால் வந்துவிடும் என்பது நம் எழுத்துக்களில் ஊறிப்போன நம்பிக்கை. ‘தரிசனம்’ என்ற சொல் நம் விமர்சனப் பக்கங்களில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தால், தமிழ்நாட்டில் இத்தனை பேர் இத்தனை பார்த்திருக்கிறார்களா என்று மலைக்க வேண்டியிருக்கும். நானும் அந்த எண்ணிக்கையில் சேர்ந்தவன்தான்.

இந்தச் சொல் முதலில் எங்கே நமக்குப் பழக்கமாகிறது என்று யோசித்தேன். கல்யாணத்தில். அம்மி மிதித்து அருந்ததி பார்ப்பது. சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டனை ஒட்டி நிற்கும் சிறு நட்சத்திரம் அது. நல்ல கண்ணுக்கு நல்ல இருட்டில் தெரியும். ஆனால் முகூர்த்தம் காலை ஏழரை மணிக்கு. புரோகிதர் வெயிலைக் காட்டி ‘அருந்ததி தெரிகிறதா?’ என்று கேட்பார், மணப்பெண் தலையாட்டுவாள். என் கல்யாணத்தில் என் மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு ‘தெரியலையே’ என்றாள். பந்தலில் சிரிப்பு. என் அத்தை அவள் காதருகே குனிந்து, ‘தெரியுதுன்னு சொல்லும்மா, நேரமாவுது’ என்றாள். அவளும் சொன்னாள். ஒரு தீங்குமில்லை. சடங்கு சடங்காக நடந்தது. ஆனால் பத்து வருஷம் கழித்து நான் சொன்ன ஒரு ‘தெரியுது’ அப்படித் தீங்கில்லாமல் போகவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

2

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய பைனாகுலர் வாங்கினேன். 10க்கு 50, அதாவது பத்து மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடியின் அகலம் 50 மில்லிமீட்டர். இரவில் மொட்டை மாடியில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு நட்சத்திரக் கூட்டங்களைப் பார்ப்பது என் வேலையாயிற்று. இதற்கு நோக்கம் எதுவுமில்லை. நான் பார்ப்பவை எல்லாம் இருநூறு முந்நூறு வருஷங்களுக்கு முன்பே பட்டியலிடப்பட்டவை. விஞ்ஞானத்துக்கு என்னால் ஒரு பிரயோஜனமும் கிடையாது.

வானம் சுத்தமானதும் அல்ல. கிழக்கே இருபது கிலோமீட்டரில் நெய்வேலி. சுரங்கமும் அனல் மின் நிலையங்களும் 1960களிலிருந்து இரவு பகல் இல்லாமல் எரிகின்றன. அந்தத் திசையில் தொடுவானத்துக்கு மேலே ஒரு மங்கிய ஆரஞ்சு நிறம் எப்போதும் நிற்கும். குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தோண்டிய மண்ணோடு கிடைத்த வெள்ளைக் களிமண்தான் இந்த ஊரைப் பீங்கான் ஊராக்கியது. என் சம்பளம் அந்த மண்ணிலிருந்து வந்தது. என் இருட்டு அந்த வெளிச்சத்தில் போயிற்று. கணக்கு நேர்.

உச்சி வானம் மட்டும் ஓரளவு மிச்சம். எம் 67 என்று ஒரு நட்சத்திரக் கூட்டம் இருக்கிறது. கடக ராசியில், பூசத்துக்குத் தெற்கே. 1780ல் பாரிஸில் ஷார்ல் மெஸ்ஸியே தன் பட்டியலில் சேர்த்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட நட்சத்திரங்கள். தூரம் ஏறத்தாழ 2,800 ஒளியாண்டு. இதுபோன்ற கூட்டங்கள் பெரும்பாலும் சில நூறு மில்லியன் வருஷங்களில் கலைந்து சிதறிவிடும்; இது நம் சூரியனின் வயதை ஒட்டி, சுமார் 400 கோடி வருஷமாகச் சேர்ந்தே இருக்கிறது. விருத்தாசலத்தின் அட்சரேகையும் இதன் வான அட்சமும் கிட்டத்தட்ட ஒன்றானதால், மாசி மாதத்து இரவில் இந்தக் கூட்டம் பழமலைநாதர் கோயிலுக்கும் என் மாடிக்கும் நேர் மேலாகக் கடந்து போகும். மாசி மகத் திருவிழா முடிந்து, பௌர்ணமி நிலா தேய்ந்து, தோரண விளக்குகளைக் கழற்றிய பிறகு ஒரு வாரம் எனக்கு வாய்க்கும்.

முதல் வருஷம் நான் அதைக் காணவில்லை. படத்தில் இருந்த இடத்தை உற்று உற்றுப் பார்த்தேன். வெறும் வானம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ கை வலித்துக் கண்ணைச் சற்று விலக்கியபோது, பார்வையின் ஓரத்தில் ஒரு வெளிறிய புகைத் திட்டு இருந்தது. அதைப் பார்க்கத் திரும்பினேன், இல்லை. மறுபடி விலகினேன், இருந்தது.

காரணம் உடற்கூறு சார்ந்தது. கண்ணின் திரையில் நட்டநடுவே ஒரு சிறு குழி. நேராகப் பார்ப்பதெல்லாம் அங்கே விழும். நிறமும் நுட்பமும் அறியும் கூம்பு வடிவச் செல்கள்தான் அங்கே நெருக்கி நிற்கின்றன. அவற்றுக்கு வெளிச்சம் வேண்டும். மங்கலை அறியும் கோல் வடிவச் செல்கள் அந்தக் குழியில் இல்லை, அதைச் சுற்றிலும்தான் இருக்கின்றன. அவையும் இருட்டில் அரைமணி நேரம் கிடந்தால்தான் முழுதாக விழிக்கும். ஆகவே மிக மங்கலான ஒன்றைக் காண விரும்புகிறவன் அதற்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். நேராகப் பார்த்தால் மறைந்துவிடும்.

இதைக் கேட்டதும் நம்மில் ஒரு சாராருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நேர்ப்பார்வைக்கு அகப்படாதது, விலகி நின்றால் தென்படுவது என்றெல்லாம் ஒரு கட்டுரைக்கு உடனே வழி பிறந்துவிடும். எனக்கும் முதலில் அந்தக் கிளர்ச்சி இருந்தது. பிறகுதான் சங்கடம் தொடங்கியது. ஓரத்தில் தெரிவது, திரும்பினால் இல்லாமல் போவது, எங்கே இருக்கும் என்று படம் முன்கூட்டியே சொல்லிவிட்டது: இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்குப் பிரமை என்றும் பெயர் வைக்கலாம். நான் எம் 67ஐக் கண்டேனா, எம் 67 இருக்க வேண்டும் என்பதைக் கண்டேனா?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. வேறோர் இடத்தில் வேறோர் இரவில் இதே கேள்வி என் முன் வந்தது. அப்போது நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

3

எண்பதுகளின் நடுவில் இங்கே ஒரு சிறு பட்டறையில் சூளை மேற்பார்வை என் பொறுப்பு. ஃப்யூஸ் கேரியர்களும் சிறு இன்சுலேட்டர்களும் சுட்டோம். எண்ணெய்ச் சூளை. 1200 டிகிரிக்கு மேல் போக வேண்டும். உள்ளே வேலை முடிந்ததா என்று அறிய, சரக்கோடு சேர்த்துப் பீங்கான் கலவையில் செய்த விரல் உயரக் கூம்புகளை வரிசையாக நிறுத்தியிருப்போம். மூன்று கூம்பு. முதலாவது எச்சரிக்கை; அது வளைந்தால் நேரம் நெருங்குகிறது. இரண்டாவது வளைந்து நுனி அடியைத் தொட்டால் சரக்கு வெந்தாயிற்று. மூன்றாவது நிற்க வேண்டும்; அதுவும் சாய்ந்தால் கெட்டது. சூளைச் சுவரில் உள்ள பார்வைத் துளையின் செங்கல்லை உருவி, நீலக் கண்ணாடி வழியே பார்த்து, நேரத்தையும் நிலையையும் புத்தகத்தில் குறிக்க வேண்டும். குறிப்பது என் வேலை. எண்ணெயைத் திருகுவது ஃபயர்மேன் வேலை.

வெளியாட்கள் நினைப்பார்கள், அத்தனை வெளிச்சத்தில் எல்லாம் நன்றாகத் தெரியுமென்று. தெரியாது. உச்ச சூட்டில் சுவர், தட்டு, சரக்கு, கூம்பு எல்லாம் ஒரே வெண்மையில் ஒளிரும். நிழல் இல்லை, விளிம்பு இல்லை. வெள்ளைக்குள் ஒரு வெள்ளையைத் தேடுவது அது. பழகினவர்கள் துளைக்குள் லேசாக ஊதுவார்கள். ஒரு கணம் கூம்பின் ஓரம் கறுத்துக் காட்டும். ஊதிப் பார்த்து, கண்ணை ஆறவிட்டு, இன்னொரு கோணத்தில் பார்க்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், துளையருகே முகத்தைக் கொடுக்க வேண்டும்.

அன்று இரவு மூன்று மணி. முந்தைய சுடுதல்களின் கணக்குப்படி இரண்டாம் கூம்பு சாய வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. எண்ணெய் செலவு ஏறுகிறது என்று பகலில் முதலாளி சொல்லியிருந்தார். நான் பார்த்தேன். நேராக, உற்றுப் பார்த்தேன். வளைந்த ஒரு கோடு தெரிந்தது.

ஃபயர்மேன் என்னைவிட இருபது வயது மூத்தவர். ‘பாத்தீங்களா தம்பி?’ என்றார்.

‘பாத்துட்டேன்.’

‘சாஞ்சிருச்சா?’

‘சாஞ்சிருச்சு.’

அவர் ஒரு கணம் நின்றார். ‘நல்லா பாத்தீங்களா?’ என்று இன்னொரு தடவை கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. புத்தகத்தில் ‘3.10 – இரண்டாம் கூம்பு சாய்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் எண்ணெயை மூடினார்.

இரண்டு நாள் ஆறவிட்டுச் சூளையைத் திறந்தோம். கூம்பு பாதிதான் குனிந்திருந்தது. சரக்கை உடைத்து முறிவில் மை வைத்தோம், உறிஞ்சிக்கொண்டது. ஈரம் உறிஞ்சும் பீங்கான் மின்சாரத்துக்கு உதவாது. மொத்தமும் கழிவு. ஃபயர்மேன் தூங்கிவிட்டுப் பர்னரைக் குறைத்திருப்பார், கடைசி நேரத்தில் சூடு விழுந்திருக்கும் என்று முதலாளி தாமாகவே முடிவு கட்டினார். புத்தகத்தில் என் எழுத்து தெளிவாக இருந்தது. எழுத்துக்கு எதிராகப் பேச அந்த மனிதரிடம் எழுத்து இல்லை. அவர் வாரக் கூலி நின்றது. அடுத்த வாரம் அவர் வரவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

இதைப் பொய் என்று சொல்லிவிட்டால் எளிதாக முடிந்துவிடும். பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரியும். எனக்குத் தெரியாது. வளைந்த கோடு தெரிந்தது நிஜம். நேரத்தின் கணக்கும், எண்ணெயின் விலையும், என் தூக்கமும் சேர்ந்து அந்த வெண்மையில் ஒரு கோட்டை வரைந்து கொடுத்தன, நான் பார்த்தேன். என் குற்றம் அந்தக் கோட்டைக் கண்டதில் இல்லை. அவர் இரண்டாம் முறை கேட்டபோது ‘நிச்சயமில்லை, இன்னொரு தரம் ஊதிப் பார்ப்போம்’ என்று சொல்லாததில் இருக்கிறது. சூளை திறந்த பிறகு வாய் மூடியிருந்தது இரண்டாவது குற்றம். அது சாதாரணக் கோழைத்தனம், அதற்குத் தத்துவம் வேண்டாம். முதலாவதுதான் என்னை இத்தனை வருஷம் துரத்தியது. நேராகத்தானே பார்த்தேன்?

4

இந்த ஊரைப் பற்றிய கதைகளில் ஒன்று எல்லோருக்கும் தெரியும். சுந்தரர் இங்கே பன்னீராயிரம் பொன் பெற்றார். மணிமுத்தாற்றில் போட்டுவிடு, திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொள் என்று உத்தரவு. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்ற பேச்சு அங்கிருந்து வந்தது. அதில் ஒரு சிறு விவரம் பலர் கவனத்தில் தங்குவதில்லை. ஆற்றில் போடுமுன் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துண்டை மச்சமாக வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்ததை அந்த மாதிரியோடு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடித்தான் சரியாயிற்று. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையாரே இருக்கிறார்.

கொடுத்தவன் கடவுள். பெற்றவன் அவனுக்குத் தோழன். அப்படியும் மச்சம் வெட்டிக்கொண்டான். இதை அவநம்பிக்கை என்று யாரும் சொன்னதில்லை. பக்தி இலக்கியம் இதைச் சந்தோஷமாகவே சொல்கிறது. உரைத்துப் பார்ப்பது தரிசனத்துக்கு எதிரி என்று நமக்கு எப்போது தோன்ற ஆரம்பித்தது?

மங்கல் கூட்டங்களைப் பார்க்கிறவர்களுக்கு மச்சம் வெட்டிக்கொள்ள வழிகள் உண்டு. படத்தைப் பாராமல், தெரிந்ததை, தெரிந்த இடத்தில் காகிதத்தில் பென்சிலால் குறிக்க வேண்டும். பிறகுதான் படத்தை எடுக்க வேண்டும். பைனாகுலரை வேறெங்கோ திருப்பி, இன்னொரு திசையிலிருந்து அந்த இடத்துக்கு மெல்ல வர வேண்டும். அதே இடத்தில் அது எதிர்ப்பட வேண்டும். குழாயை விரலால் லேசாகத் தட்ட வேண்டும். அசையும் மங்கலைக் கண் எளிதாகப் பிடிக்கும், பிரமையானால் நட்சத்திரங்களோடு சேர்ந்து அசையாது. மறுநாள் இரவும் இதையே செய்ய வேண்டும். நான்கிலும் தேறினால் ‘கண்டேன்’ என்று எழுதலாம்.

இதைப் பெரும் ஒழுக்கமாகவே வாழ்ந்த ஒருவர் இருந்தார். ராதாகோவிந்த சந்திரா, 1878ல் பிறந்தவர், வங்காளத்து ஜெஸ்ஸோரில் அரசாங்கக் கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் சிறு உத்தியோகம். பள்ளிப் பரீட்சையில் தேறாதவர். 1910ல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது சின்ன பைனாகுலரில் பார்க்கத் தொடங்கியவர், பிறகு ஒரு மூன்றங்குலத் தொலைநோக்கி வாங்கினார். ஒளி ஏறி இறங்கும் மாறு நட்சத்திரங்களை வீட்டிலிருந்தே கவனித்து அமெரிக்க மாறுவிண்மீன் நோக்கர் சங்கத்துக்கு 37,000க்கு மேற்பட்ட குறிப்புகள் அனுப்பினார். அவர்கள் மெச்சி ஆறங்குலத் தொலைநோக்கி ஒன்றை இரவலாக அனுப்பினார்கள். அது பின்னால் வைணு பாப்புவின் கைக்குப் போய், ஜவ்வாது மலைக் காவலூருக்கு வந்து சேர்ந்தது. பகலில் நாணயத்தையும் இரவில் நட்சத்திரத்தையும் மாற்றுரைத்த மனிதர். 1975ல் மறைந்தார்.

அந்தச் சங்கத்தாரின் வழக்கம் ஒன்றுதான் என்னை அவரிடம் இழுத்தது. தேடிய நட்சத்திரம் தெரியவில்லையென்றால் அந்த இரவை விட்டுவிடக் கூடாது. அதன் அருகே அன்று தெரிந்தவற்றில் மிக மங்கலானது எது என்று கண்டு, ‘இதைவிட மங்கல்’ என்று எழுத வேண்டும். காணாததும் ஒரு அளவீடு. பிற்காலத்தில் ஒரு நட்சத்திரம் எந்த இரவில் வெடித்துப் பிரகாசித்தது என்று கணக்கிடுகிறவர்களுக்கு, முந்தைய இரவு ‘காணவில்லை’ என்று எழுதியவனின் சாட்சி, ‘கண்டேன்’ என்று எழுதியவனின் சாட்சியைப் போலவே விலையுள்ளது. ஆனால் ஒரு நிபந்தனை: அவன் உண்மையிலேயே பார்த்திருக்க வேண்டும். பாராதவனின் ‘காணவில்லை’க்கும் மதிப்பில்லை.

இங்கேதான் என் பழைய கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது போலிருக்கிறது. நேராகப் பார்ப்பது நேர்மை என்றும், ஓரக்கண்ணால் பார்ப்பது மழுப்பல் என்றும் நாம் மொழியிலேயே ஏற்றி வைத்திருக்கிறோம். சூளைத் துளையில் நான் நேராகப் பார்த்தேன். என் ஆசையைக் கண்டேன். மாடியில் விலகிப் பார்த்தேன்; இருந்ததைக் கண்டேன். வித்தியாசம் பார்வையின் கோணத்தில் இல்லை. பார்க்கிறவன், தான் இல்லை என்று அறியவும் தயாராக இருக்கிறானா என்பதில் இருக்கிறது. ‘காணவில்லை’ என்று எழுதும் உரிமையைத் தனக்குக் கொடுத்துக்கொள்ளாதவன் எந்தக் கோணத்தில் பார்த்தாலும் காண்பான். அவன் காணாததே இராது.

5

கண்டது உண்மை, ஆனால் கண்டது என்ன என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பக் கூடாது.

மெஸ்ஸியே 1780 அக்டோபரில் கும்ப ராசியில் மூன்று நாலு சிறு நட்சத்திரங்களைப் பார்த்து, முதல் பார்வைக்குப் படலம் போலத் தெரிவதாகக் குறித்து எம் 73 என்று பட்டியலில் சேர்த்தார். அது கூட்டமா, தற்செயலா என்று நீண்ட காலம் சண்டை. 2002ல்தான் தீர்ந்தது: அந்த நட்சத்திரங்கள் வெவ்வேறு தூரத்தில், வெவ்வேறு திசையில் போகின்றன, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. நம் இடத்திலிருந்து பார்ப்பதால் மட்டும் அருகருகே நிற்கின்றன. இதனால் மெஸ்ஸியே பொய்யராகவில்லை. அவர் ‘முதல் பார்வைக்கு’ என்று எழுதியிருந்தார். அந்த ஒரு சொல் அவரைக் காப்பாற்றியது.

தெற்கே வெள்ளாற்றுப் பக்கம், இருட்டு இன்னும் சற்று மிச்சமிருக்கும் வானத்தில், என்.ஜி.சி. 2451 என்ற கூட்டம் இருக்கிறது. வெறும் கண்ணுக்கே தட்டுப்படும். பைனாகுலரில் அழகாகச் சிதறித் தெரியும். அது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று சுமார் 600 ஒளியாண்டு தூரத்தில், மற்றொன்று அதைப்போல இரு மடங்கு தூரத்தில், ஒரே கோட்டில். முதலில் குறித்தவர் சிசிலித் தீவின் பாதிரியார் ஹோதியெர்னா. பலெர்மோவில் 1654ல் அச்சிட்ட சிறு நூலில். அந்த நூல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து 1980களின் நடுவில்தான் ஆராய்ச்சியாளர்களிடம் சிக்கியது. சிறு பத்திரிகைகளில் எழுதுகிறவர்கள் இதில் ஆறுதல் தேடிக்கொள்ளலாம், முந்நூற்று முப்பது வருஷம் காத்திருக்கச் சம்மதமானால்.

எது கூட்டம் என்பதற்கு வானவியலார் வைத்திருக்கும் உரைகல் எளிமையானது. அருகருகே தெரிவது போதாது. ஒரே மூலத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே திசையில் போக வேண்டும். ஒரே இதழில், ஒரே பத்தாண்டில், ஒரே டீக்கடையில் தெரிந்த நாங்களெல்லாம் கூட்டமா தற்செயலா என்று எங்களுக்குள்ளே நாங்களே சொல்லிக்கொள்ள முடியாது. நகர்வை அளக்கக் காலம் வேண்டும், வேறொருவர் வேண்டும். பார்க்கிறவன் சொல்லக்கூடியது, ‘இன்று, இங்கிருந்து, சேர்ந்து தெரிகிறார்கள்’ என்பது மட்டும். விமர்சனம் இதற்கு மேல் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. போகும்போது எந்த இடத்தில் கண் முடிந்து கணக்குத் தொடங்கியது என்று ஒரு கோடு போட வேண்டும் என்கிறேன்.

சூளையில் என் தவறு இந்த இரண்டாம் வகையாக இருந்திருந்தால் மன்னிக்கலாம். கூம்பு சாய்ந்திருந்தும் சரக்கு வேகாமல் போவது உண்டு. அது கணக்கின் பிழை, கூட்டத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது போன்றது. நான் அந்தப் படிக்கே வரவில்லை. காண்பதிலேயே தவறினேன்.

6

போன கார்த்திகையில் பேத்தி வந்திருந்தாள். எட்டு வயது. கிழக்கே நெய்வேலி வெளிச்சத்துக்கு மேலே கார்த்திகைக் கூட்டம் ஏறி வந்ததும் காட்டினேன். நம் பழைய நூல்கள் அறுமீன் என்கின்றன. முருகனுக்குப் பால் கொடுத்தவர்களும் ஆறு பேர். கிரேக்கர்கள் ஏழு என்று வைத்துக்கொண்டு, ஆறுதான் தெரிகிறதே என்று சங்கடப்பட்டு, ஒருத்தி மறைந்துபோனாள் என்று கதை கட்டினார்கள். பைனாகுலரில் பல பத்துக்கள் தெரியும். மொத்தம் ஆயிரத்துக்கு மேல்.

‘எத்தனை தெரியுது, எண்ணு’ என்றேன்.

கொஞ்ச நேரம் எண்ணினாள். ‘அஞ்சு, தாத்தா.’

‘நல்லா பாரு’ என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்ன கணத்தில் எனக்கு உறைத்தது. அதே சொற்கள். ஆனால் அந்த மனிதர் கேட்டபோது அதில் சந்தேகம் இருந்தது. இன்னொரு முறை பார்க்க எனக்கு இடம் கொடுத்தார். நான் சொன்னதில் ஆறு என்ற விடை ஏற்கெனவே இருந்தது. என் அத்தை பந்தலில் குனிந்து சொன்னது இதைத்தான். அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டு ஆறு என்று சொல்லியிருப்பாள். குழந்தைகள் தாத்தாவைச் சந்தோஷப்படுத்தத் தெரிந்தவர்கள். வாசகனிடம் நாம் செய்வதும் பல வேளைகளில் இதுதான். ‘பார், தெரியும்’ என்று மிரட்டி, அவன் தலையாட்டியதும் ரஸனை வளர்ந்துவிட்டது என்கிறோம்.

‘வேண்டாம். அஞ்சுன்னா அஞ்சுதான். எழுதிக்கோ’ என்றேன். அவள் என் நோட்டில் தேதி போட்டு ஐந்து என்று எழுதினாள்.

அந்த நோட்டில் மூன்று பத்திகள் வைத்திருக்கிறேன். கண்டேன், காணவில்லை, நிச்சயமில்லை. மூன்றாவதுதான் நீளமாகப் போய்க்கொண்டிருக்கிறது. எம் 67 அதில் பதினோரு இரவு இருந்துவிட்டு முதல் பத்திக்கு வந்தது. சில கூட்டங்கள் அங்கிருந்து நகரவே போவதில்லை. என் கண்ணுக்கும் வயதாகிறது, நெய்வேலியும் அணையப் போவதில்லை.

பட்டறைச் சூளைப் புத்தகத்தில் இப்படி ஒரு மூன்றாம் பத்தி இருந்திருந்தால் என்று முன்பெல்லாம் நினைப்பேன். அது சமாதானம். பத்தி இல்லாவிட்டாலும் அதே கோட்டில் ‘நிச்சயமில்லை’ என்று எழுத இடம் இருந்தது. அந்த மனிதரைப் பல வருஷம் கழித்து ஜங்ஷனில் ஒரு முறை பார்த்தேன். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். நெய்வேலியில் காண்டிராக்டில் இருப்பதாகச் சொன்னார். வண்டி வந்துவிட்டது. சொல்ல வேண்டியதை அன்றும் சொல்லவில்லை. அவர் இப்போது இருக்கிறாரா என்று தெரியாது. இதை இங்கே எழுதுவதால் அவருக்குப் போய்ச் சேரப் போவதில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த உங்களிடம் சொல்கிறேன்: 3.10க்கு நான் கூம்பைக் காணவில்லை.